கண்ணாடியோடு ஒட்டிய படம்

மகனே,

இப்படி ஆரம்பித்தால் நீ சிரிப்பாய் என்று தெரியும். உனக்கும் உன் அக்காவான எனக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். எனக்கு இன்னும் இருபதுகூட ஆகவில்லை. ஆனால் நம் தெருவில் யார் உன்னைத் தேடி வந்தாலும் என்னிடம் "உம்மவன் எங்க?" என்றுதானே கேட்கிறார்கள்? நீ சைக்கிளிலிருந்து விழுந்த அன்றைக்கும் "உம்மவன் முட்டியப் பேத்துக்கிட்டான், போய்ப் பாரு" என்றுதான் எனக்குச் சேதி வந்தது. அம்மா இறந்த வருஷம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு உனக்குச் சோறு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன். அப்போதிலிருந்தே ஊர் உன்னை என் மகனாக்கிவிட்டது. முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. இன்று நீ ஊரைவிட்டுப் போன பிறகு, ஒரு தடவை நானும் அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. உன் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. காகிதத்தில் வருகிறது.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை என்று உனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா உன்னைப் பார்க்கக் கோயம்புத்தூர் வருவதாக இருக்கிறார். ஊறுகாய் பாட்டிலோடு இதையும் மடித்துக் கொடுத்து அனுப்புகிறேன். விடுதியில் எல்லோர் முன்னாலும் பிரிக்காதே. தனியாக இருக்கும்போது படி.

எழுதக் காரணம், நேற்று சாயங்காலம் பெட்டியில் துணி அடுக்கும்போது நீ சொன்ன பேச்சு. "நீ மருந்தாளர் படிப்பு முடிச்சிட்டு வந்தா நம்ம ஊர்லயே ஒரு மருந்துக்கடை வெக்கலாம், ஜனங்க ஒவ்வொருத்தரும் என்னா ஏதுன்னு உங்கிட்டக் கேப்பாங்க" என்று அப்பா ஆசையாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் போன பிறகு நீ என்னிடம் சொன்னாய். "சீட்டுல என்ன எழுதியிருக்குதோ அதை எடுத்துக் குடுப்பேன்க்கா. அவ்ளோதான். இது இதுல செஞ்சது, அது அதுல செஞ்சதுன்னு வாயே தொறக்க மாட்டேன். நம்ம வூட்ல ஒரு தடவ தொறந்து பட்டது போதும்." நான் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தேன். பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில். நீளமாக எதையும் எனக்குப் பேச வராது. ஒன்றரை வருஷமாக உனக்குச் சொல்லாமல் இருக்கும் ஒரு விஷயம் அதற்குள் இருக்கிறது. அதனால் முதலிலிருந்தே வருகிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்.

நம் அப்பா சாப்பாட்டுப் பிரியர். சாரத்தில் ஏறிக் கல் வைக்கிற கொத்தனாருக்குப் பசி எப்படி இருக்கும் என்று நான்தான் தினமும் பார்க்கிறேனே. ஆட்டுக்கால் சூப் என்றால் எலும்பை விடமாட்டார். அப்படிப்பட்டவர், அம்மா இறந்ததிலிருந்து ஒவ்வொரு தவக்காலமும் விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் சுத்தபோசனம் இருக்கிறார். மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை மட்டும் கறி ஆகாது. நம் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவுமே உள்ளே வரக்கூடாது. கறி ஆக்கிய சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். அம்மாவின் ஆத்துமாவுக்காக மாதாவிடம் நேர்ந்துகொண்டது அது. நீ ஒரு தடவை கிண்டலாகக் கேட்டாய், "பால் டீ மட்டும் குடிக்கறீங்களே, அது மரத்துல கறந்ததா?" என்று. "பால் கறந்தா மாடு சாவுதாடா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். அவருடைய கணக்கு அதுதான். எதற்காக ஓர் உயிர் போகிறதோ அது அந்த நாட்களில் அவர் வாய்க்குள் போகக்கூடாது.

போன வருஷத் தவக்காலம் ஆரம்பிக்கும்போதுதான் அவர் காலில் ஆணி ஏறியது. கட்டை விரலுக்குக் கீழே, துருப்பிடித்த சென்ட்ரிங் பலகை ஆணி. சர்க்கரை இருக்கிற உடம்பு. புண் ஆறாமல் சீழ் வைத்துக்கொண்டே போனது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டை அட்டையாக மாத்திரை கொடுத்து, "இதை விடாம சாப்பிட்டா வெரல் தங்கும். நடுவுல விட்டீங்கன்னா எடுக்க வேண்டி வரலாம்" என்று சொன்னதை நீயும் நானும் பக்கத்தில் நின்று கேட்டோம். நான் அப்போது பேக்கரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேருந்தில் வரும்போது அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். "கட்ட வெரல் இல்லாத கொத்தனாரு சாரத்துல எங்க நிக்கறது? கீழ நின்னு எம்மவளுக்குக் கேக்கு செய்ய ஒத்தாச பண்ண வேண்டியதுதான்." நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை செபம் முடிந்து வந்து மூன்று பேரும் உட்கார்ந்து களி சாப்பிட்டோம். அப்பா சாப்பிட்டு முடித்து, சிவப்பும் மஞ்சளுமாக இருந்த பொடி அடைத்த அந்தக் கேப்ஸ்யூல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினார். நீ அப்போது பிளஸ் ஒன். புதிதாக என்ன படித்தாலும் வீட்டில் வந்து கொட்டுவாய். எனக்கு அது பிடிக்கும். நான் விட்ட பாடத்தையெல்லாம் உன் வாயால்தான் கேட்டேன். அன்றைக்கும் ஆரம்பித்தாய்.

"ப்பா, அந்த மேல்கூடு எதுல பண்றாங்க தெரியுமா?"

"பிளாஸ்டிக்குதான்."

"பிளாஸ்டிக்கு வயித்துல கரையுமா? அது ஜெலட்டினு."

"ஏன்டா, கெணத்துக்கு வெடி வெக்கறதையாடா நான் முழுங்கிட்டுக் கெடக்கறேன்?"

நான்கூடச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ விளக்கினாய். "அது வேறப்பா. கொழகொழன்னு இருக்கறதால அந்த வெடிக்கு அப்படிப் பேரு. இது சாப்பிடற ஜெலட்டினு. மாட்டுத்தோலு, எலும்பு, பன்னித்தோலு, சில எடத்துல மீன் தோலு. சுண்ணாம்புலயோ ஆசிட்லயோ ஊறவெச்சுக் கழுவி, தண்ணியில காச்சினா அதுல இருக்கற ஒரு புரதம் எறங்கி வரும். அதை வடிகட்டிக் காயவெச்சா கண்ணாடிச் சில்லு மாதிரி ஆயிடும். சூடான தண்ணியில கரையும், ஆறுனா கட்டும். ஜெல்லி, மெத்துமெத்துன்னு ஒரு முட்டாய் வருதே அது, மாத்திரக் கூடு, எல்லாம் அதுதான்." சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு பந்து விளையாடப் போய்விட்டாய். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அப்பா மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "செத்த நேரம் கழிச்சிப் போட்டுக்கறேன் கண்ணு" என்றார்.

அதற்கப்புறம் வேளா வேளைக்கு "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கால் மட்டும் ஆறவில்லை. ஒருநாள் மாதா படத்துக்குக் கீழே தூசி தட்டும்போது தவக்கால உண்டியலை எடுத்தேன். கோயிலில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கிற காகிதப் பெட்டிதான். வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததை அதில் போட்டு ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று திருப்பிக் கொடுப்போம். ஆட்டினால் சில்லறை சத்தம் வரவேண்டும். அன்றைக்கு ஏதோ புளியங்கொட்டை உருளுவது போல மந்தமாக ஒரு சத்தம். பிரித்தால் உள்ளே அவ்வளவு மாத்திரையும் கிடந்தது. வெயிலில் இளகி, சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே உருண்டையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. விழுங்கவும் மனசு வரவில்லை. ஆண்டவரிடமே கொடுத்துவிட்டார்.

நீ வந்து அதைப் பார்த்துக் கத்தியது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "உண்டியல்ல போட்டா யார் முழுங்குவா? சாமியாரா முழுங்குவாரு?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நீதானேடா சொன்னே?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இவ்வளவு ஊறவைத்துக் காய்ச்சி வடிகட்டிய பிறகு அது மாடே இல்லை என்று எவ்வளவு சொல்லிப் பார்த்தாய்! "காச்சுனா மாறிடும்னா, பிரியாணியும் காச்சுனதுதானே?" என்று முடித்துவிட்டார்.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். கூட்டைப் பிரித்துப் பொடியைக் கீரையில் கலந்து வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டு, "ஏன் கண்ணு, வேப்பங்கொட்டையப் போட்டா கடைஞ்சே?" என்று கேட்டார். அப்படிப் பிரித்துக் கொடுக்கவே கூடாது, மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் மாறிவிடும் என்று மருந்துக்கடையில் நீ கேட்டு வந்து என்னைத் திட்டினாய். கூடு இல்லாத மாத்திரை இருக்கிறதா என்று டாக்டரைப் போய்க் கேட்கலாம் என்றோம். விரலைக் காட்டினால் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நான் பங்குசாமியிடம் போனேன். கோயிலில் பின் பெஞ்சைத் தாண்டாத நான் பூசை முடிந்து அவர் உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் போய் நின்றேன். எல்லோரும் போகும் வரைக்கும் நின்றுவிட்டு, "சாமி, மாத்திர சுத்தபோசனமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி முழுசாகக் கேட்டார். "நோயாளிக்கு ஒருசந்தி நோன்பும் இல்ல, சுத்தபோசனமும் இல்ல. மருந்து சாப்பாடு ஆகாதும்மா. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். ஓடி வந்து சொன்னேன். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "சாமி சொல்றது சரிதான் கண்ணு. ஆனா நான் நேந்துக்கிட்டது உங்கம்மாவுக்கு. அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

அதற்கு மேல் யாரிடம் போவது? விரல் நுனி கறுக்க ஆரம்பித்தது. நீ அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாய். மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டு "என்னாலதான்க்கா, என்னாலதான்" என்று நீ சொன்னபோது உன் தோளில் கை வைக்க நினைத்தேன். வைக்காமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். என் சுபாவம் அப்படி.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது.

நம் வீட்டு அம்மா படம் எப்போது எடுத்தது என்று உனக்குத் தெரியுமே. கோயில் திருவிழாவில், அருவி வரைந்த திரைக்கு முன்னால் எடுத்தது. அம்மா இடுப்பில் நான் இருந்தேன். பிறகு பெரிதாக்கிச் சட்டம் போட்டபோது அம்மா முகம் நடுவில் வரவேண்டும் என்று என்னை வெட்டிவிட்டார்கள். அம்மாவின் தோளில் சின்னதாக நாலு விரல் தெரிகிறதே, அது நான்தான். நீ அப்போது அம்மா வயிற்றில் இருந்தாய். அந்தப் படத்துக்குத்தான் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கோயிலிலிருந்து பாட்டிலில் தீர்த்தம் கொண்டு வந்து தெளிப்பார். மற்றவர்கள் வாசலுக்கும் மாட்டுக்கும் தெளிப்பார்கள். அப்பா முதலில் அம்மாவுக்குத் தெளித்துவிட்டுத்தான் நமக்கு. அந்தத் தவக்காலத்தில் ஞாயிறு மட்டும் இல்லை, தினமும் தெளித்தார். தெளித்துவிட்டுக் கண்ணாடிமேல் முத்தம் கொடுப்பார். பதில் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

தெளித்த தண்ணீர் கண்ணாடியில் வழிந்து சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஒருநாள் காலையில், "பாப்பா, இங்க வா" என்று அவர் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. அம்மாவின் தாடையிலிருந்து கன்னம் வரைக்கும் ஈரமாகத் திட்டுத் திட்டாக மின்னியது. சட்டத்தின் பின்பக்கம் ஆணியை நெம்பி எடுத்துப் பார்த்தார். படம் வரவில்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வராத மனுஷன், படத்தைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல மார்பில் அணைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே நல்லம்பள்ளி நிறுத்தத்துக்குப் போய்ப் பேருந்து ஏறிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். ஓடும்போது ஒரு மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு வந்திருந்தது.

தருமபுரியில் ஒரு பழைய ஸ்டூடியோ. நரைத்த மீசையோடு ஒருவர் இருந்தார். துண்டைப் பிரித்துப் படத்தை விளக்குக்குக் கீழே வைத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணி எதுனா பட்டுச்சுங்களா?"

"தீர்த்தம்ங்க" என்றார் அப்பா.

"தீர்த்தமா இருந்தாலும் அதுவும் தண்ணிதானுங்களே. பேப்பரை ஊறவெச்சிட்டீங்க."

"கண்ணாடிய மட்டும் எடுத்துட முடியாதுங்களா?"

"ஐயோ, இழுத்துடாதீங்க. இழுத்தீங்கன்னா மூஞ்சி கண்ணாடியோட போயிடும், வெறும் பேப்பர் உங்க கையில வரும். இந்த மாதிரி படத்துல பேப்பருக்கு மேல மெல்லிசா ஜெலட்டின் பூசியிருக்கும்ங்க. சாயமெல்லாம் அதுக்குள்ளதான் நிக்குது. ஈரம் பட்டா அது உப்பிக்கும். காஞ்சா, எது மேல படுதோ அதைப் புடிச்சிக்கும்."

அதற்குள் இரண்டு வருஷமாகப் பேக்கரியில் ஜெலட்டின் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். பச்சைத் தண்ணீரில் போட்டால் அது எப்படி உப்பும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா படத்தில் அது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. போதுங்கண்ணா, மேலே பேசாதீங்க என்று சொல்ல நினைத்தேன். மாத்திரையை உண்டியலில் போட்ட மாதிரி இந்தப் படத்தையும் கழற்றி எங்காவது வைத்துவிட்டால்? அப்பாவுக்கு வேறு என்ன இருக்கிறது?

அப்பா கேட்டார். "ஜெலட்டினுன்னா... மாத்திர மேல இருக்குதே, அதுங்களா?"

"அதேதாங்க. மாட்டெலும்பு, தோலு காச்சி எடுக்கறது. அந்தக் காலத்து பிலிமு, இந்தப் பேப்பரு எல்லாத்துலயும் அதான்."

"அப்ப, இவ மூஞ்சி அதுலதான் நிக்குதுங்களா?"

"அது இல்லன்னா இது வெள்ளப் பேப்பருங்க" என்றார் அவர். படத்தின் மேலிருந்த கையை எடுக்கவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாரோ, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஒண்ணும் ஆயிடல. கண்ணாடியோட அப்படியே இருக்கட்டும், நான் அப்படியே வெச்சு ஒரு காப்பி எடுத்துத் தரேன். அம்மா எங்கயும் போயிடல" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு மூச்சு சீராகும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

வெளியே வந்து பேருந்து நிலையத்துக்கு எதிரில் டீ சொன்னோம். அப்பா மடியில் படம். டீ ஆறிக்கொண்டே இருந்தது. நான் அவர் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

"தெனமும் இதுக்குத்தான் முத்தம் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். தவக்காலத்துலயே. வெள்ளிக்கிழமைகூட விடல."

"உம்" என்றேன்.

"உங்கம்மா பாத்துட்டுச் சிரிச்சிருப்பா. 'ஏய்யா, என்னையப் புடிச்சி வெச்சிருக்கறது உனக்கு ஆகுது, உன் வெரலக் காப்பாத்தறது ஆகலையா'ன்னு கேட்டிருப்பா." ஆறிப்போன டீயைக் கீழே வைத்தார். பிறகு என் பையைப் பார்த்து, "இருக்குதா?" என்றார்.

அட்டையை எடுத்துப் பிய்த்து ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, டீக்கடைத் தண்ணீரில் ஒரே மடக்காக விழுங்கினார். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார், நீ சின்ன வயதில் என்னிடம் காட்டுவாயே, அது மாதிரி. வந்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் போனோம். டாக்டர் திட்டினார். சுத்தம் செய்து கட்டுப் போட்டு, வேறு மருந்தும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அதுவும் கூடு போட்டதுதான். அப்பா மறுக்காமல் வாங்கிக்கொண்டார். நகம் போனது. விரல் தங்கியது.

அன்று சாயங்காலம் நீ வாசலிலேயே நின்று, "சாப்ட்டாராக்கா?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். சாமியார் சொன்னதைக் கேட்டுத்தான் மனசு மாறினார் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். இவ்வளவையும் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டதில் நீ வேறு ஒரு பாடம் கற்றுக்கொண்டாய், தெரிந்ததை வெளியே சொன்னால் வினை என்று. நேற்றுதான் அது எனக்குப் புரிந்தது.

நன்றாக யோசித்துப் பார். நீ சொன்னதும் ஸ்டூடியோக்காரர் சொன்னதும் ஒன்றுதான். எலும்பு, தோல், காய்ச்சுவது, எல்லாம் அதே வார்த்தைகள். நீ சொன்னதில் பொய் இல்லை. அப்பா மாத்திரையை நிறுத்தியதும் அந்த வார்த்தையால், திரும்பச் சாப்பிட்டதும் அந்த வார்த்தையால். நீ சொல்லிவிட்டுப் பந்தாடப் போய்விட்டாய். பதினாறு வயதில் யாரும் அப்படித்தான் போவார்கள், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டு நாற்காலி போட்டார். உன்னிடம் நான் கேட்பது அந்த நாற்காலியைத்தான். வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

நாளைக்கு உன் கடைக்கும் அப்பா மாதிரி ஆட்கள் வருவார்கள். மாடு ஆகாதவர்கள் வருவார்கள், பன்றி ஆகாதவர்கள் வருவார்கள், உயிருள்ள எதுவும் ஆகாதவர்கள் வருவார்கள். தின்பண்ட உறையில் பச்சைப் புள்ளியோ பழுப்புக் குறியோ பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அப்பாவின் மாத்திரை அட்டையில் எத்தனை தடவை திருப்பித் திருப்பித் தேடினேன், அப்படி ஒரு புள்ளியும் இல்லை. கேட்கிறவர்களை அதட்டாதே. உள்ளதைச் சொல். செடியிலிருந்து செய்த கூடும் இப்போது வருகிறது என்று நீயே சொன்னாய். அது இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் டாக்டரிடம் மாற்றிக் கேட்க வழி சொல். எதுவும் முடியாத போது, அவர் அந்த மருந்தை உண்டியலில் போடப் போகிறாரா வாயில் போடப் போகிறாரா என்று தெரியும் வரைக்கும் கூட நில்.

நானே கொஞ்சம் மாறியிருக்கிறேன். போன மாதம் பேக்கரியில் ஓர் அம்மா, பிறந்தநாளுக்கு முட்டையில்லாத கேக் கேட்டார்கள். மாமியார் சைவமாம். பளபளவென்று மேலே பழக்கூழ் ஊற்றியதைக் காட்டி, "இது சுத்த வெஜ்ஜுங்க" என்று கல்லாவில் இருக்கிற அண்ணன் சொல்லிவிட்டார். பின்கட்டில் அந்தக் கூழைக் கட்ட வைத்ததே நான்தான். கையில் மாவோடு முன்னால் போய் நின்றேன். "அதுல ஜெலட்டின் இருக்குதுங்கக்கா. மாட்டெலும்புல வர்றது. நாளைக்கு வந்தீங்கன்னா கடல்பாசில கட்டித் தரேன். அது கடல்ல மொளைக்கறதுங்க, கொஞ்சம் கெட்டியா இருக்கும், ஆனா நல்லாருக்கும்" என்றேன். அண்ணன் முறைத்தார். அந்த அம்மா மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவு பேச்சு நான் கடையில் பேசியதே இல்லை என்று மாஸ்டர் இன்னும் கேலி செய்கிறார்.

அந்த வருஷ ஈஸ்டருக்கு நான் ஆட்டுக்கால் சூப் வைத்தேனே, மறுநாள் காலையில் மிச்சம் சட்டியில் கட்டிப்போய் இருந்தது. அப்பா சட்டியை ஆட்டி ஆட்டி அது குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "பாரு, இதுதான் அது" என்று என்னிடம் காட்டினார். நம் அடுப்பிலேயே எத்தனை வருஷமாக அதைச் செய்திருக்கிறோம்! சூடு பண்ணியதும் கரைந்துவிட்டது. ஒரு கிண்ணம் உனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னார். உன்மேல் அவருக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. நீயாகத்தான் தள்ளி உட்கார்ந்தாய்.

அம்மா படம் இன்னமும் கண்ணாடியோடுதான் இருக்கிறது. அது இனி வராது. அப்பா இப்போது சட்டத்தின் மரத்தில் மட்டும் விரலால் ஈரச் சிலுவை போடுகிறார். காப்பி எடுத்த படத்தை உன் பெட்டியில் நீலச் சட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கன்னத்தில் அந்தத் திட்டும் அதில் விழுந்திருக்கிறது. அதை அழித்துத் தரட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

காலையில் நீ பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அப்பா தீர்த்தப் பாட்டிலைத் திறந்து உன் தலையில் கொட்டினாரே, தெளிக்கவா செய்தார், கொட்டினார். சட்டையெல்லாம் நனைந்து, பக்கத்து சீட்டுக்காரர் ஒதுங்கி உட்கார்ந்தார். நீ துடைத்துக்கொண்டு சிரித்தாய். பேருந்து கிளம்பிய சத்தத்தில் நாங்கள் பேசியது உனக்குக் கேட்டிருக்காது.

"பாத்துப்பா, ஒட்டிக்கப் போவுது" என்றேன் நான்.

பேருந்து திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு அப்பா சொன்னார். "ஒட்டிக்கட்டும் கண்ணு. எங்க போனாலும் ஒட்டிக்கிட்டே இருக்கட்டும்."

இப்படிக்கு,
உன்னைவிட ஒன்றரை வயது பெரியவளான
உன் அம்மா